பட்டுப்புழுவுக்குக் கிடைத்த நிழல்

சித்திரை பிறந்து பத்து நாள் கழிந்தால், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரில் உச்சிப் பொழுதில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ பன்னிரண்டரை டிகிரியில் இருக்கிற ஊர் இது. ஏப்ரல் 24-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். கத்திரி வெயில் தொடங்க இன்னும் பத்து நாள் இருக்கும். அந்த நேரத்தில் சுவரில் வெயில் படுவதே அரிது. அத்தனையையும் வாங்கிக்கொள்வது கூரை. மேகமில்லாத கோடை நாளில் ஒரு சதுர மீட்டர் கூரை மேல் விழும் வெயிலை மின்சாரக் கணக்கில் சொன்னால் 6 முதல் 7 யூனிட் வரும். 5,000 சதுர மீட்டர் ஷெட் ஒன்றின் தலையில் ஒரே நாளில் 30,000 யூனிட்.

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பட்டு விவசாயி இப்படிக் கணக்குப் போடுவதில்லை. ஆனால் பங்குனி முடியும்போதே வேலையைத் தொடங்கிவிடுகிறார். புழு வளர்ப்பு மனையின் சீட்டுக் கூரை மேல் தென்னங்கீற்றைப் பரப்புகிறார். சன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு நனைக்கிறார். மேற்குப் பக்கம் பந்தல் இழுத்து வெயிலை மறிக்கிறார். கடைசிப் பருவத்துப் புழுவுக்கு 24, 25 டிகிரி வேண்டும். 30-ஐத் தாண்டினால் இலை தின்பது குறையும், நோய் வரும், கூடு மெலியும். ஓசூரில் மத்தியப் பட்டு வாரியத்தின் பட்டு மரபுவள மையம் இருக்கிறது. அதிகாரிகள் சொல்லியும் அனுபவத்திலும் கற்ற பாடம் இது: சீட்டுப் போட்ட கட்டடத்தைச் சும்மா விட்டால் உள்ளே இருக்கும் உயிர் தாங்காது.

பாகலூர், பேரிகை, தளி பக்கம் போனால் ரோஜா. அமுதகொண்டப்பள்ளியில் டான்ஃப்ளோரா பூங்கா தொடங்கிய காலத்திலிருந்து பசுமைக் குடில்கள் இங்கே பெருகியிருக்கின்றன. கட்டடம் என்று பார்த்தால் அதைவிட இலேசானது வேறில்லை. இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் தாளும்தான். ஆனாலும் உச்சியில் சூடான காற்று வெளியேற நீளத் திறப்பு உண்டு. பக்கவாட்டுத் திரையைக் காலையில் சுருட்டுவார்கள். தலைக்கு மேல் நிழல்வலை இழுப்பார்கள். ஒரு ரோஜா மொட்டு வாடக்கூடாது என்பதற்காக இத்தனையும்.

இதே மாவட்டத்தில், பர்கூர் சிப்காட் தொழிற்பேட்டையிலும் போச்சம்பள்ளியிலும் சூளகிரியிலும் ஓசூரிலும், பல்லாயிரம் பேர் சீட்டுக் கூரைக்குக் கீழே எட்டு மணி நேரம் வேலை செய்கிறார்கள். வேலை முடிந்து போய்ப் படுப்பதும் பெரும்பாலும் இன்னொரு சீட்டுக் கூரையின் கீழேதான். பெரிய ஆலைகளில் குளிர்சாதனமும் காப்புப் போட்ட கூரையும் வந்துவிட்டன. நான் சொல்வது அவற்றைச் சுற்றி முளைத்த சின்னப் பட்டறைகள், கிடங்குகள், கிரானைட் அறுக்கும் கூடங்கள், ஜவுளிக் குடோன்கள், கன்டெய்னர் ஆபீஸ்கள், வரிசையாகக் கட்டி வாடகைக்கு விடும் லைன் வீடுகள். அவற்றின் கூரையைப் பற்றிப் பேசுகிற ஆள் இல்லை. புழுவுக்கும் பூவுக்கும் செய்யத் தெரிந்த வித்தையை மனிதர்களுக்குச் செய்ய என்ன தடை?

தலைக்கு மேல் ஒரு ஹீட்டர்

முதலில் ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும். (ஈரோடு மாவட்டத்து மலைக் கிராமமான பர்கூரை நினைத்துக்கொள்ள வேண்டாம், இது கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, சென்னை நெடுஞ்சாலையில், ஜவுளி மொத்த வியாபாரத்தால் 'குட்டி சூரத்' என்று பெயரெடுத்த ஊர்.) ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரியும் பர்கூரும் 500 மீட்டரை ஒட்டி. ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி என்ற கணக்கில் பார்த்தால், ஓசூரைவிட இங்கே இரண்டரை டிகிரி கூடுதல். பெங்களூரிலோ ஓசூரிலோ போட்ட வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து பர்கூரில் நிறுத்தினால், அந்த இரண்டரை டிகிரி தொழிலாளியின் உடம்பில் இறங்கும்.

சீட்டுக் கூரை ஏன் இப்படிக் கொதிக்கிறது? அரை மில்லிமீட்டர் இரும்புச் சீட்டு சதுர மீட்டருக்கு 4 கிலோதான் எடை. நாலங்குலக் கான்கிரீட் தளம் 240 கிலோ. கான்கிரீட் வெயிலை வாங்கி, தன் உடம்பில் தேக்கி, சாயங்காலத்துக்கு மேல் கீழே இறக்கும். சீட்டுக்குத் தேக்கி வைக்க இடமே கிடையாது. மேலே பட்ட சூடு சில நிமிடங்களில் கீழ்ப்பக்கம் வந்துவிடும். பழசாகித் தூசி ஏறிய சீட்டு ஏப்ரல் நடுப்பகலில் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம்.

அந்தச் சூடு காற்று வழியாக மட்டும் நம்மிடம் வருவதில்லை. அடுப்புக்கு எதிரே நின்றால் முகம் காய்கிறதே, அதுபோல் கதிராக நேரே தலையிலும் தோளிலும் இறங்குகிறது. பத்துக்குப் பத்து அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரை 60 டிகிரி, உள்ளே மற்றவை 36 டிகிரி என்றால், கூரையிலிருந்து கதிராக மட்டும் இறங்குவது சுமார் ஒன்றரைக் கிலோவாட். தண்ணீர் காய்ச்சும் ஹீட்டர் ஒன்றைத் தலைக்கு மேல் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்வதற்குச் சமம். சுவரில் மாட்டிய வெப்பமானி 36 காட்டும். உடம்பு உணர்வது 40-ஐ ஒட்டி. 'காற்றாடி போட்டும் அனல் அடங்கலை' என்று சொல்பவர்கள் மிகைப்படுத்தவில்லை. மின்விசிறி காற்றை அசைக்கும். கதிரை அதனால் தடுக்க முடியாது. தோலின் சூடே 35 டிகிரிதான் என்பதால், காற்று அதற்கு மேல் போய்விட்டால் வேர்வை உலர்வது ஒன்றுதான் உடம்புக்கு மிச்சமிருக்கும் வழி.

எவ்வளவு சூடு வரை மனிதர் சுகமாக இருப்பார் என்பதற்கு இந்தியாவிலேயே அளந்து எடுத்த கணக்கு இருக்கிறது. அகமதாபாதின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட மாதிரி, 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் இடம் பெற்றது. குளிர்சாதனம் இல்லாத, சன்னல் திறந்த கட்டடத்தில், அண்மை நாட்களின் வெளிச் சராசரி 30 டிகிரி என்றால், உள்ளே சுமார் 29 டிகிரியில் நம்மவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்; இரண்டு டிகிரி கூடினாலும் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். வெளிநாட்டு அளவுகோல் சொல்லும் 24 டிகிரி நமக்குத் தேவையில்லை. ஆக, பர்கூர் ஷெட்டைக் குளிர்பெட்டி ஆக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வெளியே இருப்பதைவிட உள்ளே மோசமாக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இலேசான கட்டடத்துக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சீட்டு எவ்வளவு வேகமாகச் சுடுகிறதோ அவ்வளவு வேகமாக ஆறும். இந்தப் பகுதியில் ஏப்ரலில் பகலுக்கும் இரவுக்கும் பன்னிரண்டு டிகிரி வரை வித்தியாசம் இருக்கும். தெளிந்த வானத்துக்குச் சூட்டை விட்டுவிட்டு, நள்ளிரவில் சீட்டு காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். மார்கழியில் ஓசூர்ப் பக்கம் தகரக் கூரையின் உள்ளிருந்து நீர் சொட்டுவது இதனால்தான். வெயில் காய்ந்த மெத்தைவீட்டில் இரவு பதினொரு மணிக்குப் புழுங்கிக்கொண்டிருப்பவர் பொறாமைப்படும் குணம் இது. பகல் ஆறேழு மணி நேரத்தை மட்டும் சமாளித்துவிட்டால், இந்த ஊரில் சீட்டுக் கட்டடம் நல்ல கட்டடமாகவே இருக்க முடியும்.

கீற்றிலிருந்து சீட்டுக்கு

கூரை இப்படி மாறியதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளியின் கீற்றுக் கொட்டகையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். அதற்குப் பிறகு தமிழ்நாடு முழுவதும் பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அகற்றியது சரி. அதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் கீற்று இருந்த இடத்தில் பல பள்ளிகளில் வந்து உட்கார்ந்தது வெறும் சிமென்ட் சீட்டும் தகரமும். தீயைப் பற்றி யோசித்தோம். வெயிலைப் பற்றி அன்று யாரும் யோசிக்கவில்லை. கீற்று தந்த குளிர்ச்சிக்கு ஈடாக என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நின்றுபோனது.

அதே ஆண்டு டிசம்பரில் சுனாமி. நாகப்பட்டினம் கரையில் தற்காலிகக் குடியிருப்புகள் தார் சீட்டால் அவசரமாக எழுந்தன. பகலில் உள்ளே இருக்க முடியாமல் பெண்களும் குழந்தைகளும் வெளியே நிழல் தேடி உட்கார்ந்திருந்த காட்சியை அன்று அங்கே போன எல்லோரும் பார்த்தார்கள். சில மாதங்களுக்கு என்று கட்டியவற்றில் பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தன. 'தற்காலிகம்' என்ற சொல்லை நம்பிக் கூரையை அலட்சியம் செய்வதன் விலை அதுதான். பர்கூரில் இன்று சாலையோரம் நிற்கும் கன்டெய்னர் ஆபீசும் கட்டுமானத் தொழிலாளர் கொட்டகையும் 'தற்காலிகம்' என்ற அதே பெயரில்தான் நிற்கின்றன.

நெளிவுத் தகடு புதிய பொருளே அல்ல. லண்டனில் துறைமுகப் பொறியாளராக இருந்த ஹென்றி பாமர் 1829-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இரும்புத் தகட்டை அலையலையாக மடித்தால் மெல்லிய தகடே நீண்ட இடைவெளியைத் தாங்கும் என்பது அவர் கண்டது. அதை அடுக்கிக் கப்பலில் ஏற்றிக் குடியேற்ற நாடுகளுக்கெல்லாம் அனுப்பினார்கள். குளிர் நாட்டில் மழைக்கு என்று பிறந்த கூரை, வெயில் நாடுகளின் தலையில் ஏறியது இப்படி.

அதைச் சரியாகக் கையாள முடியும் என்று காட்டியவர்களும் இருந்தார்கள். பிரான்சின் ழான் ப்ரூவே 1949-இல் ஆப்பிரிக்காவின் நியாமே நகருக்கும் 1951-இல் பிராசவில்லுக்கும் அலுமினிய வீடுகளைப் பிரித்து அனுப்பிப் பூட்டினார். அந்த வீடுகளுக்கு இரட்டைக் கூரை. மேல் கூரை வெயிலை வாங்கும். இரண்டுக்கும் நடுவே சூடான காற்று எழுந்து உச்சித் திறப்பு வழியாகப் போய்விடும். சுற்றிலும் தாழ்வாரம், அதற்கு வெயில் மறைப்பு. அலுமினியத்தைப்போல் இலேசான பொருளாலும் வெப்ப நாட்டில் குடியிருக்கத்தக்க வீடு கட்டலாம் என்பதற்கு அது சாட்சி. விலை கட்டுப்படியாகாமல் திட்டம் நின்றது. அவற்றில் ஒரு வீடு 2007-இல் நியூயார்க் ஏலத்தில் கிட்டத்தட்ட 50 லட்சம் டாலருக்குப் போனது.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் ஒருவர் உண்டு. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து வெளியேறி, 1939-இல் மைசூர் சமஸ்தானத்தின் கட்டடக் கலைஞராகப் பெங்களூருக்கு வந்தவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். இந்திய அறிவியல் கழக வளாகத்தில் அவருடைய கட்டடங்கள் இருக்கின்றன. நாடு விடுதலை பெற்றதும், அகதிகளுக்கு வீடு கட்ட டெல்லியில் அரசு தொடங்கிய முன்வார்ப்பு வீட்டுத் தொழிற்சாலை அவர் பொறுப்பில் நடந்தது. வார்த்த பலகைகள் விரிசல் விட்டுத் திட்டம் தோற்றது. அவர் 1951-இல் லண்டனுக்குப் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை. வெப்ப நாடுகளில் எப்படிக் கட்டுவது என்பதையே வாழ்நாள் பாடமாக எடுத்துக்கொண்டார். 1970களில் அவர் மற்ற மூவருடன் எழுதிய கையேடு இன்றும் நம் கட்டடக் கலைக் கல்லூரிகளில் பாடநூல். வெப்ப நாட்டுக் கூரைகளைப் பற்றி 1965-இல் ராபர்ட் லின்னுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வின் சாரத்தை ஒரு கொத்தனாருக்கும் விளக்கிவிடலாம்: கூரையின் அடிப்பக்கம், அறைக் காற்றைவிடச் சில டிகிரிக்கு மேல் சுடக்கூடாது. பர்கூரில் ஷெட் போடுகிற எவரும் சுவரில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் இது.

சட்டம் சொன்ன பட்டியல்

'சீட்டுன்னா ஒரு வாரத்துல முடிச்சிடலாம் சார். கான்கிரீட்னா மூணு மாசம்' என்று சொல்லாத ஃபேப்ரிகேஷன்காரர் இந்த வட்டாரத்தில் இல்லை. அவர் சொல்வது உண்மை. கொட்டேஷனில் டன் கணக்கில் இரும்பு, சதுர அடிக் கணக்கில் சீட்டு, ஸ்க்ரூ, பெயின்ட், கூலி எல்லாம் இருக்கும். கூரையின் அடிப்பக்கம் எத்தனை டிகிரி சுடும் என்ற வரி மட்டும் இருக்காது. கேட்பவரும் இல்லை.

கேட்டிருக்க வேண்டியது சட்டம். அது கேட்டும் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13-ஆம் பிரிவைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. வேலைக்கூடத்தின் சுவரும் கூரையும் வெப்பத்தை முடிந்தவரை தாழ்வாக வைத்திருக்கும் பொருளாலும் வடிவத்தாலும் அமைய வேண்டும் என்கிறது அது. அத்தோடு நிற்கவில்லை. வெள்ளையடித்தல், நீர் தெளித்தல், வெளிச்சுவருக்கும் கூரைக்கும் சன்னலுக்கும் காப்பும் மறைப்பும் தருதல், கூரையை உயர்த்துதல், காற்று இடைவெளி விட்டு இரட்டைக் கூரை போடுதல் ஆகிய வழிகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, இவற்றைக் கடைப்பிடிக்கும்படி மாநில அரசு விதிக்கலாம் என்று மூலச் சட்டம் சொன்னது. நியாமேயில் ப்ரூவே இரட்டைக் கூரையைப் பூட்டுவதற்கு ஓராண்டு முன்பே, நம் சட்டப் புத்தகத்தில் இரட்டைக் கூரை ஏறிவிட்டது. 1987 திருத்தத்தில் அந்தப் பட்டியல் 'தகுந்த நடவடிக்கைகள்' என்று சுருங்கி, தலைமை ஆய்வாளர் எழுத்து மூலம் உத்தரவிடலாம் என்று மாறியது. இப்போது 2020-இன் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு அந்தச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கிறது. காற்றோட்டமும் வெப்பநிலையும் அதிலும் முதலாளியின் பொறுப்புதான்.

எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தில் இருக்கும் ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் மேசையில் ஒரு கேள்வி கூடினால் போதும்.

வீடுகளுக்கு வந்தால் நிலைமை வேறு. மத்திய அரசு 2018-இல் கொண்டுவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா, கூரை வழியாக இறங்கும் வெப்பத்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்தது. வெறும் சீட்டுக் கூரை அந்த வரம்பைப்போல் நாலைந்து மடங்கு வெப்பத்தை உள்ளே விடும். ஆனால் அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் எழும் குடியிருப்புகளுக்கென்று வந்தது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்தவர்கள் நாலைந்து பேராகத் தங்கும், வீட்டுக்காரர் தன் கொல்லையில் வரிசையாகப் போட்டுவிட்ட சீட்டு அறைகளைக் கேட்க எந்த விதியும் இல்லை. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில்தான் தூங்க வேண்டும். அவருடைய தூக்கம் காலை பத்து மணிக்குக் கூரையோடு சேர்ந்து காய ஆரம்பித்துவிடும். ஏழடி உயரக் கூரை; கையை நீட்டினால் சீட்டு. இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இந்த அறைகள்தான்.

எதைச் செய்தால் எது நடக்கும்

வெள்ளை. இதுதான் முதல். தூசி ஏறிய சீட்டு 60 டிகிரி காட்டும் அதே மதியம், நல்ல வெள்ளைப் பூச்சு உள்ள சீட்டு 45-ஐ ஒட்டித்தான் இருக்கும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. புதுத் தகரம் பளபளக்கிறதே, அது வெயிலைத் திருப்பி அனுப்பாதா என்று கேட்கிறார்கள். ஓரளவு அனுப்பும். ஆனால் பளபளப்பான உலோகம் வாங்கிய சூட்டைக் கதிராக வெளியே விடாது, தன்னுள் வைத்துக்கொள்ளும். வெள்ளைப் பூச்சு வெயிலையும் திருப்பும், வாங்கிய சூட்டையும் வானத்துக்கு விடும். உள்பக்கத்துக்கு இது தலைகீழ். அங்கே பளபளப்பு இருந்தால் அது கீழே கதிர் வீசாது. அழகுக்காகச் சீட்டின் அடிப்பக்கத்துக்கும் பெயின்ட் அடிப்பவர்கள், தங்கள் தலையில் தாங்களே அனலை இறக்கிக்கொள்கிறார்கள். மேலே வெள்ளை, கீழே பளபளப்பு என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

பர்கூருக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கிரானைட் தூசி. அறுக்கும் கூடங்களிலிருந்தும் குவாரி லாரிகளிலிருந்தும் எழும் மாவு, வெள்ளைக் கூரையை ஓராண்டில் சாம்பலாக்கிவிடும். பூச்சு கெட்டுப்போவதில்லை, மூடப்பட்டுவிடுகிறது. மாசி மாதம் ஒருமுறை கழுவினால் பாதிக்கு மேல் திரும்பிவிடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் சீட்டாக இருந்தால் உலர்வாகத் தேய்க்கவோ சுரண்டவோ கூடாது. அந்த நார் நுரையீரலில் புகுந்தால் புற்றுநோய் வரும். நனைத்துவிட்டு, மெதுவாக. சிமென்ட் சீட்டின் மேல் நேரே கால் வைப்பதும் ஆபத்து. உடைந்து விழுந்து உயிர் விட்டவர்கள் பலர். சீட்டைத் தாங்கும் பர்லின் சட்டங்களின் குறுக்கே பலகை போட்டு, அதன் மேல்தான் நடக்க வேண்டும்.

அடுத்தது நிழல். கூரைக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டு நிழல்வலை கட்டுவது, சட்டம் சொன்ன இரட்டைக் கூரையின் ஏழை வடிவம். ரோஜாக் குடிலுக்கு வலை விற்கும் அதே கடையில் கிடைக்கும். இடைவெளி முக்கியம், சீட்டோடு ஒட்டிப் போட்டால் பயன் பாதிகூட இல்லை. மாம்பிஞ்சை உதிர்க்கும் கோடைச் சூறைக்காற்று இந்தப் பக்கம் கடுமை என்பதால், கயிற்றால் கட்டாமல் கம்பியால் இழுத்துக் கட்ட வேண்டும். சிறு வீடுகளுக்குச் சுரைக்கொடியும் பீர்க்கனும் இருக்கவே இருக்கின்றன. நம் பாட்டிமார் கூரை மேல் கொடி ஏற்றியது காய்க்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. தென்னங்கீற்று புழு மனைக்குச் சரி; ஆள் தூங்கும் அறை மேல் உலர்ந்த கீற்றைப் போடுவதைக் கும்பகோணத்துக்குப் பிறகு யாருக்கும் என்னால் சொல்ல முடியாது.

உள்ளே, சீட்டுக்குக் கீழே ஒரு சாண் விட்டு அலுமினியத் தாள் ஒட்டிய பபுள் ஷீட்டை இழுத்துக் கட்டினால், கதிராக இறங்கும் சூட்டில் பெரும்பகுதி நின்றுவிடும். தெர்மாகோல் பலகையைச் சீட்டோடு ஒட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வெப்பத்தைத் தடுக்கும், ஆனால் தீப்பற்றினால் உருகித் தலையில் கொட்டும். அதைத் தவிர்க்கச் சொல்வேன்.

கூரை உச்சியில் சுழலும் உருண்டைக் காற்றாடிகள், டர்போ வென்டிலேட்டர்கள், இப்போது எல்லா ஷெட்டிலும் இருக்கின்றன. அவற்றைப் பற்றி மிகையான நம்பிக்கை நிலவுகிறது. மேலே வெளியேற வழி வைத்தவர் கீழே உள்ளே வர வழி வைக்கவில்லை என்றால், அது சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சுவரின் அடிப்பகுதியில், வடக்கிலும் தெற்கிலும், நல்ல அகலத்துக்கு லூவர் வேண்டும். காற்றாடிக்குப் பதில் கூரையின் முகட்டு நெடுக ஒரு திறப்பும் அதன் மேல் சிறு குடைக்கூரையும் வைத்தால், காசும் குறைவு, காற்றும் அதிகம். பசுமைக் குடிலைப் பார்த்தாலே வடிவம் புரியும்.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு: நீளப் பக்கம் கிழக்கு மேற்காகப் போகட்டும்; மேற்குச் சுவரில் சன்னல் வேண்டாம், கழிப்பறையோ கிடங்கோ அங்கே போகட்டும்; உயரத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பஃப் பேனலைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே ஐந்து சென்டிமீட்டர் நுரை. வெறும் சீட்டு விடும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குகூட அது விடாது. குளிர்சாதனம் போடுகிற அறைக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் குளிர்சாதனம் இல்லாத கூடத்துக்கு யோசித்துப் போட வேண்டும். ஓர் ஆள் உட்கார்ந்திருந்தாலே நூறு வாட் சூடு விடுவார். மோட்டாரும் அயர்ன் பெட்டியும் அடுப்பும் தனி. வெளிச் சூடு உள்ளே வராத பெட்டியிலிருந்து உள்சூடும் வெளியே போகாது. பஃப் போட்டால் காற்றோட்டத்தை இரட்டிப்பாக்க வேண்டும். இரவில் திறந்துவைக்க வேண்டும். அந்த நுரை எரிந்தால் வரும் புகை நச்சு. ஆட்கள் கூடும் இடத்துக்குக் கல்நார் அல்லாத பாறைக் கம்பளி, அதாவது ராக்வுல், நடுவே வைத்த பேனலே பாதுகாப்பு.

தண்ணீர் தெளிப்பதும் பலன் தரும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தைக் கொண்டுபோகும். ஆனால் கோடையில் குடத்துக்கு வரிசை நிற்கும் ஊரில் கூரைக்கு நீர் ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யாருக்கு நட்டம்

செலவைப் பற்றித் தயங்கும் முதலாளிகளுக்கு ஒரு கணக்கு. இந்தியத் தொழிற்கூடங்களின் பல ஆண்டுத் தரவுகளை எடுத்து ஈ. சோமநாதனும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டு வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஆலையின் உற்பத்தி சுமார் 2 சதவீதம் குறைகிறது என்று கண்டார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் செய்த மதிப்பீட்டின்படி, 2030-இல் வெப்பத்தால் இந்தியா இழக்கப்போகும் வேலை நேரம் 5.8 சதவீதம், 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைகளுக்குச் சமம். கூரைக்கு அடிக்கும் வெள்ளையின் விலை இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

ஆனால் காசுக் கணக்கில் இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் வித்யா வேணுகோபால் குழுவினர், தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலையும், குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்து இருமடங்கு என்று 2024-இல் வெளியான அவர்களது ஆய்வு சொல்கிறது. ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர் ஆலைகளின் பேருந்துகளில் விடியற்காலையில் ஏறுபவர்களில் எத்தனை பேர் இளம்பெண்கள் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அரசு தூங்குகிறது என்று சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். பள்ளிகளின் கூரைக்கு வெயிலைத் திருப்பும் பூச்சு அடிக்கும் திட்டம் அம்பத்தூரில் தொடங்கிப் பிற பள்ளிகளுக்கும் போகிறது. தெலங்கானா 2023-இலேயே குளிர் கூரைக்கென்று தனிக் கொள்கை வகுத்துவிட்டது. அந்தப் பூச்சு பள்ளிக் கூரையோடு நிற்காமல் சிப்காட் எல்லைக்குள்ளும், அதைச் சுற்றிய லைன் வீடுகளுக்கும் வர வேண்டும். வாடகைக்கு விடும் சீட்டு அறைக்கு வெள்ளைக் கூரையும் உள்கூரையும் இல்லையென்றால் அனுமதி இல்லை என்று ஓர் ஊராட்சி முடிவு செய்தால்கூட, அது இந்த மாவட்டத்துக்கே வழிகாட்டும்.

போகிக்குச் சுவரெல்லாம் வெள்ளையடிக்கிறோம். அடுத்த போகிக்கு இன்னும் ஒரு வாளி கூடுதலாகக் கரைத்து, உங்கள் பட்டறைக்கும், நீங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் அறைகளுக்கும் மேலே ஏறச் சொல்லுங்கள். தையும் மாசியும் மழையில்லாத மாதங்கள். பூச்சு நன்றாகப் பிடிக்கும். ஏப்ரல் 24-க்கு முன் முடித்துவிடுங்கள்.